சொல்லும் சான்றும்: ஓர் இருபத்தோரிலக்க எண்ணின் வரலாறு

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



எண்ணையும் எழுத்தையும் இணைத்தே போற்றியது தமிழ் மரபு. ஆகவே கவிஞர்கள் கூடியுள்ள அவையில் ஓர் எண்ணின் வரலாறு பேசப்படுவது புறம்பான செயலன்று. இவ்வுரைக்குப் பொருளாவது ஒரே ஓர் எண். அது வருமாறு:

147,573,952,589,676,412,927

இருபத்தோரிலக்கம் கொண்ட இவ்வெண்ணைத் தமிழில் சொல்லப் புகுந்தால், பதினான்கு இலட்சத்து எழுபத்தைந்தாயிரம் கோடி கோடிக்கும் மேற்பட்டது எனலாம். இதன் பிறப்பை அறியச் சதுரங்கப் பலகைக் கதையை நினைவுகூர்ந்தால் போதும். முதற்கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துக்கொண்டே சென்றால், அறுபத்து நான்கு கட்டங்களும் நிறையுமுன் அரசனின் களஞ்சியம் ஒழிந்துபோகும் என்பது அக்கதை. அப்பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் கூடியிருந்தால், அறுபத்தேழு கட்டங்களிலும் சேரும் நெல்மணிகளின் தொகையே மேற்சொன்ன எண். இரண்டை அறுபத்தேழு முறை தன்னொடு தான் பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது அது. கணித நூலார் இதனை 2⁶⁷ − 1 எனச் சுருக்கி எழுதுவர்.

இவ்வெண்ணைப் பற்றிய வினா ஒன்றே. இதனைவிடச் சிறிய இரண்டு எண்களின் பெருக்கமாக இது பிளவுபடுமா, படாதா? பிளவுபடாத எண் பகா எண். பிளவுபடுவது பகு எண். இவ்வினாவுக்கு 1644 முதல் 1903 வரையிலான காலத்தில் மூன்று விடைகள் கிடைத்தன. மூன்றும் மூன்று தன்மையன.

அறிவு பெறும் வழிகளை நம் அளவை நூலார் காண்டல், கருதல், உரை என வகுத்துரைத்தனர். கண்ணால் கண்டு அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத் தக்கார் சொல்லை ஏற்பது உரை. சைவ சித்தாந்தம் இம்மூன்றையும் கொள்ளும். மணிமேகலையில் அறவண அடிகள் கூறும் பௌத்த அளவை முதலிரண்டையே கொள்ளும். அவ்வழக்கு இங்கே தீர்க்கப்பட வேண்டியதன்று. ஆனால் இருபத்தோரிலக்க எண்ணின் வரலாற்றில் இம்மூன்றும் தலைகீழ் வரிசையில் வந்து நின்றன என்பது குறிக்கத்தக்கது. முதலில் உரை வந்தது; பின்னர்க் கருதல்; இறுதியிலேயே காண்டல்.

உரை

மரேன் மெர்சென் 1588இல் பிறந்த பிரெஞ்சுத் துறவி. மினிம் என்னும் சபையைச் சேர்ந்தவர். பாரிசில் அவர் வாழ்ந்த மடத்து அறை அக்கால அறிஞர்கள் கூடும் இடமாக விளங்கிற்று. தெக்கார்த், ஃபெர்மா போன்றோர் அவரோடு இடையறாத கடிதத் தொடர்பு கொண்டிருந்தனர். அறிவியல் இதழ்கள் தோன்றுமுன் வாழ்ந்த அவர், ஒருவர் கண்டதை மற்றவர்க்குக் கொண்டுசேர்க்கும் பாலமாக இருந்தார். இன்றைய வழக்கில் சொன்னால், ஒரு வட்டத்தை நடத்தியவர்.

அவ்வட்டத்தை ஈர்த்த பொருள்களுள் ஒன்று நிறை எண். தன்னை நீக்கித் தன்னை வகுக்கும் எண்களையெல்லாம் கூட்டினால் தானே வருவது நிறை எண் எனப்படும். ஆறினை ஒன்றும் இரண்டும் மூன்றும் வகுக்கும். அவற்றின் கூட்டுத்தொகையும் ஆறே. இருபத்தெட்டும் அத்தகையதே. இரண்டின் அடுக்கு ஒன்றில் ஒன்றைக் கழிக்க வருவது பகா எண்ணாயின், அதிலிருந்து ஒரு நிறை எண் பிறக்கும் என்பதை யூக்ளிட் தம் நூலிலேயே நிறுவியிருந்தார். ஆகவே எந்தெந்த அடுக்குகளுக்கு அவ்வாறு பகா எண் கிடைக்கும் என்பது பெருவினாவாயிற்று. அடுக்கு பகா எண்ணாக இருத்தல் வேண்டும். ஆயினும் அது மட்டும் போதாது. பதினொன்று பகா எண்ணே. ஆனால் பதினோராம் அடுக்கில் ஒன்று குறைந்த 2047, 23ஐ 89ஆல் பெருக்க வருவது.

1644இல் வெளிவந்த தம் நூலில் மெர்சென் ஒரு பட்டியல் தந்தார். 257 வரையுள்ள அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவையே பகா எண்ணைத் தருவன என்றார். சான்று எதுவும் தரவில்லை. அக்காலத்து முறைகளைக் கொண்டு ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் முயன்றாலும் அறுபத்தேழாம் அடுக்கைச் சோதித்திருக்க இயலாது. பதினைந்து இருபது இலக்க எண் ஒன்று பகா எண்தானா என ஆராய்ந்தறியக் காலமெல்லாம் போதாது என்னும் கருத்தை அவரே எழுதியும் வைத்தார். இருந்தும் பட்டியல் நிலைத்தது. அத்தகைய எண்கள் இன்றும் அவர் பெயராலேயே மெர்சென் எண்கள் எனப்படுகின்றன.

பட்டியலைச் சோதிக்க முயன்றவர்கள் இல்லாமலில்லை. இவ்வகை எண்ணை வகுக்கவல்ல எந்தப் பகா எண்ணும், அடுக்கின் இருமடங்கினுடைய மடங்கு ஒன்றைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என 1640இல் ஃபெர்மா கண்டிருந்தார். அதனைக் கொண்டே முப்பத்தேழாம் அடுக்கில் பிறக்கும் எண்ணை 223 வகுக்கும் எனக் காட்டினார். 74இன் மும்மடங்கு 222. அதனோடு ஒன்று சேர 223. பின்னர் 1772இல் ஆய்லர், முப்பத்தோராம் அடுக்கில் பிறக்கும் 2,147,483,647 பகா எண்ணே என உறுதி செய்தார். மெர்செனின் சொல் அங்கே பலித்தது. ஒரு சொல் பலித்தால் மற்றவையும் பலிக்கும் என நம்புவது மனித இயல்பு. அறுபத்தேழாம் அடுக்கு அந்நம்பிக்கையின் நிழலில் இருநூற்று முப்பத்திரண்டு ஆண்டுகள் இளைப்பாறிற்று.

கருதல்

அந்நிழலைக் கலைத்தவர் எதுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித ஆசிரியர். மூன்று முளைகளில் வளையங்களை மாற்றி அடுக்கும் ‘ஹனோய் கோபுரம்’ என்னும் விளையாட்டுப் பொருளை 1883இல் வெளியிட்டவரும் அவரே. காசியில் அறுபத்து நான்கு பொன்வட்டுகளை அந்தணர் மாற்றிக்கொண்டிருப்பதாக ஒரு புனைகதையும் அதனைச் சூழ்ந்து எழுந்தது. அறுபத்தேழு வட்டுகள் இருப்பின், அவற்றை மாற்றி முடிக்க வேண்டிய நகர்த்தல்களின் தொகை இவ்வுரையின் எண்ணேயாகும்.

1876இல் லூக்கா ஒரு புதுமுறையைக் கண்டார். எண்ணை வகுத்துப் பார்க்காமலே அது பகா எண்ணா பகு எண்ணா என அறியும் முறை அது. பிற்காலத்தில் டி. எச். லெமர் செம்மைப்படுத்திய வடிவில் அது மிக எளிது. நான்கில் தொடங்க வேண்டும். இருக்கும் எண்ணை அதனாலேயே பெருக்கி இரண்டைக் கழிக்க வேண்டும். வந்ததைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கில் இரண்டு குறைந்த அத்தனை முறை இவ்வாறு செய்து முடிக்கையில் மீதி சுழியாயின் அது பகா எண். அன்றேல் பகு எண்.

ஐந்தாம் அடுக்கில் பிறக்கும் 31ஐ எடுத்துக்கொண்டால் மூன்று படிகள் போதும். நான்கு, பதினான்காகும். பதினான்கு, 194ஆகும்; அதனை 31ஆல் வகுக்க மீதி எட்டு. எட்டு, 62ஆகும், மீதி சுழி. எனவே 31 பகா எண். அறுபத்தேழாம் அடுக்குக்கு இவ்வாறு அறுபத்தைந்து படிகள் ஏற வேண்டும்.

லூக்கா தம் முறையால் கண்ட முடிவு, மெர்செனின் சொல்லை மறுத்தது: இருபத்தோரிலக்க எண் பிளவுபடும். அதே 1876இல், நூற்றிருபத்தேழாம் அடுக்கில் பிறக்கும் முப்பத்தொன்பதிலக்க எண் பகா எண்ணே எனவும் அவர் கண்டார். அங்கே மெர்செனின் சொல் மீண்டும் பலித்தது.

இவ்விடத்தில் நின்று நோக்க வேண்டிய புதுமை ஒன்று உண்டு. எண் உடையும் என்பது தெரிந்தது. எங்கே உடையும் என்பது தெரியவில்லை. பெட்டிக்குள் இரண்டு பொருள்கள் உள்ளன என்பது ஐயமற உறுதியாயிற்று, பெட்டியோ திறக்கவில்லை. கருதலின் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே விளங்கும் இடம் இது. அந்நிலை இருபத்தேழு ஆண்டுகள் நீடித்தது.

காண்டல்

ஃபிராங்க் நெல்சன் கோல் 1861இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1896 முதல் 1920 வரை அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் செயலாளராக விளங்கியவர். அமைப்பொன்றின் செயலாளர் பொறுப்பு எத்தகையது என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. பிறர் பேசுவதற்கான ஏற்பாடுகளிலேயே செயலாளரின் காலம் பெரிதும் கழியும்.

அத்தகையவர் 1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் நடந்த சங்கக் கூட்டத்தில், பேரெண்களைக் காரணிப்படுத்துதல் பற்றித் தாமே ஓர் உரை நிகழ்த்தினார். அவ்வுரையின் முடிபு ஒரே வரியில் அடங்கும்:

193,707,721 × 761,838,257,287 = 147,573,952,589,676,412,927

பத்தொன்பது கோடியே முப்பத்தேழு இலட்சத்துச் சொச்சம் ஒரு காரணி. எழுபத்தாறாயிரத்து நூற்று எண்பத்து மூன்று கோடிச் சொச்சம் மற்றொன்று. இரண்டும் ஃபெர்மாவின் விதிக்கு உட்பட்டு நிற்பவை. 134இன் மடங்கொன்றில் ஒன்றைக் கூட்ட வருவன அவை: முதலாவதற்கு மடங்கு 1,445,580, இரண்டாவதற்கு 5,685,360,129.

இவ்வொரு வரிக்குப் பின்னால் கிடந்த உழைப்பை ஓரளவு கணிக்கலாம். இவ்வெண்ணின் சிறிய காரணி 1,215 கோடியைத் தாண்டாது என்பது மட்டுமே தொடக்கத்தில் தெரிந்திருக்கும். ஃபெர்மாவின் விதி 134க்கு ஒன்றாகத் தேட வேண்டிய எண்களைக் குறைத்துவிடும். எட்டால் வகுக்க மீதி ஒன்றோ ஏழோ வருதல் வேண்டும் என்னும் மற்றொரு விதி அவற்றையும் பாதியாக்கும். எனினும், கீழிருந்து வரிசையாகச் சோதித்து வருபவர் உண்மைக் காரணியை அடைகையில், அது ஏழு இலட்சத்து இருபத்திரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறாவதாக நிற்கும். அவற்றுள் பகு எண்களை நீக்கினாலும் எஞ்சுபவை ஏறத்தாழ எண்பதாயிரம். அவற்றில் ஒவ்வொன்றாலும் இருபத்தோரிலக்க எண்ணை வகுத்துப் பார்க்க வேண்டும். கணிப்பொறி இல்லாத காலம் அது. ஆகவே கோல் வெறும் வகுத்தலை நம்பவில்லை; இருபடி எச்சங்களைக் கொண்டு சல்லடையின் கண்களை மேலும் மேலும் நெருக்கினார். அம்முறையை விளக்கும் அவர் கட்டுரை அவ்வாண்டு டிசம்பரிலேயே சங்க இதழில் அச்சேறிற்று.

கதையும் கணக்கும்

கோலின் உரையைப் பற்றிக் கணித உலகில் வழங்கும் கதை ஒன்றுண்டு. பெயர் அழைக்கப்பட்டதும் அவர் எழுந்து கரும்பலகையை நோக்கிச் சென்றார். வாய் திறவாமல் இரண்டின் அறுபத்தேழாம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார். பலகையின் மறுபுறம் சென்று இரண்டு எண்களைக் கையால் பெருக்கினார். இரு விடைகளும் ஒத்தன. ஒரு சொல்லும் பேசாமல் இருக்கைக்குத் திரும்பினார். அவை கைதட்டி ஆர்ப்பரித்தது. எவரும் வினா எழுப்பவில்லை. எத்தனை காலம் ஆயிற்று எனப் பின்னாளில் வினவியபோது, ஞாயிற்றுக்கிழமைகளாக மூன்றாண்டுகள் என்று அவர் விடையளித்தாராம்.

அழகிய கதை. கவிஞர் எவரும் விரும்பிக் கையாளத்தக்க கதை. ஆனால் அதன் மூலம் எது என்பதையும் கேட்டறிய வேண்டும். இக்கதையைப் பரப்பியவர் எரிக் டெம்பிள் பெல். கொலம்பியாவில் கோலின் மாணவராயிருந்து 1912இல் முனைவர் பட்டம் பெற்றவர். கணித மேதைகளின் வாழ்வைச் சுவைபடச் சொல்வதில் பெயர் பெற்றவர். அவர் இதனை எழுதியது 1951இல். கோல் மறைந்தது 1926இல். 1903இல் பெல் அமெரிக்காவின் மறுகோடியில், கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகள் பற்றிய விடையைக் கோலிடமிருந்து 1911இல் நேரில் கேட்டதாக அவர் குறிப்பிடுகிறார். கூட்டத்தின் மௌனமோ ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட சொல்.

ஆக, சொல்லை நம்பாமல் சான்றைக் காட்டிய ஒருவரின் கதை, சொல்லை நம்பியே வழங்கி வருகிறது. இது பெல் மீது சுமத்தும் குற்றமன்று. உரை என்னும் அளவை இவ்வாறே இயங்கும். மௌனம் மெய்யாக இருக்கலாம், மெருகேற்றப்பட்டதாகவும் இருக்கலாம். ஆனால் அந்த மௌனத்தை நீக்கிவிட்டாலும் பெருக்கல் நீங்குவதில்லை. கோல் பேசினாலும் பேசாவிட்டாலும், மூன்றாண்டுகள் உழைத்தாலும் முப்பதாண்டுகள் உழைத்தாலும், அவ்விரண்டு எண்களின் பெருக்கம் அதுவே.

மெர்செனின் பட்டியலுக்கும் ஒரு பாடபேத வழக்கு உண்டு. ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தோர் வழிவந்த தமிழர்க்கு இது புதிதன்று. 1883இல் இவான் பெர்வூஷின் என்னும் இரஷ்யப் பாதிரியார், அறுபத்தோராம் அடுக்கு பகா எண்ணைத் தரும் எனக் கண்டார். மெர்சென் எழுதியது 61. அச்சில் அது 67ஆயிற்று எனக் கருதுவோர் தோன்றினர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் பட்டியலில் 89, 107 என்னும் அடுக்குகளும் விடுபட்டிருந்தன என்பது 1911இலும் 1914இலும் தெரியவந்தது. 257உம் பொய்த்தது. ஓர் இலக்கத்தைத் திருத்துவதால் பட்டியல் முழுவதும் பிழைத்துவிடாது.

இன்றைய நிலை

மூன்று அளவைகளும் இன்றும் வழக்கொழியவில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 136,279,841. நான்கு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது அது. லூக்கா தொடங்கிவைத்த முறையில், உலகெங்கும் பரவியுள்ள கணிப்பொறிகளைக் கொண்டு அது உறுதி செய்யப்பட்டது. அவ்வுறுதியை ஒரு மனிதர் தாளில் சரிபார்க்க இயலாது. கருதல் பொறியிடம் சென்றுவிட்டது. பெரும்பாலோர்க்கு எஞ்சுவது உரையே.

மற்றொரு புறம், 1277ஆம் அடுக்கில் பிறக்கும் 385 இலக்க எண் பகு எண் என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் அதன் ஒரு காரணிகூட 2024 வரை எவர் கண்ணிலும் படவில்லை. 1876க்கும் 1903க்கும் இடையில் அறுபத்தேழாம் அடுக்கு இருந்த அதே நிலை. பெருக்குவது எளிது, பிரிப்பது அரிது என்னும் இவ்வுண்மையின் மீதே 1977இல் ஒரு மறைமொழி முறை கட்டப்பட்டது. பணப் பரிமாற்றங்களின் இரகசியத்தைக் காக்கவும் அது பயன்பட்டு வந்துள்ளது.

கவிஞர்க்கு இதில் என்ன இருக்கிறது? இலக்கிய வட்டங்களில் ஒரு கவிதையைப் பற்றி எழும் பேச்சும் இம்மூன்று வகையினதே. பெயர்பெற்றவர் ஒருவர் நன்று என்றார், ஆகவே நன்று என்பது உரை. அது சில வேளை பலிக்கும். 31உம் 127உம் பலித்தன. அதனாலேயே 67ஐச் சோதிக்காமல் விட்டுவிட நேரும். நெடுங்காலம் படித்துப் பழகியவர், இக்கவிதை எங்கோ உடைகிறது என்பது கருதல். அவர் சொல்வது முற்றிலும் சரியாகவே இருக்கலாம். எழுதியவர்க்கோ அதனால் திருத்தும் வழி பிறக்காது. இந்த அடியில், இந்தச் சொல்லில், இன்ன காரணத்தால் உடைகிறது என விரல் வைத்துக் காட்டுவது காண்டல். அதற்குப் பின் எவர் சொன்னார் என்னும் வினாவே எழுவதில்லை. இளங்கவிஞர் ஒருவர் மனமுடைந்து எழுத்தை விட்டுவிடுவதும், மறுவாரம் திருத்திய கவிதையோடு வந்து நிற்பதும் பெரும்பாலும் இவ்வேறுபாட்டைப் பொறுத்தவை. பாராட்டுக்கும் இது பொருந்தும். காட்டப்படாத பாராட்டு, காட்டப்படாத குறையைப் போலவே கைக்கு எட்டாதது.

காண்டல் மலிவானதன்று. ஒரு வரிக்கு மூன்றாண்டு ஞாயிறுகள் செலவாகலாம். அச்செலவு வரியில் தெரிவதில்லை, தெரிய வேண்டியதுமில்லை. கோல் 1920இல் பொறுப்புகளினின்று ஓய்வு பெற்றபோது நண்பர்கள் திரட்டித் தந்த நிதியை அவர் சங்கத்துக்கே அளித்துவிட்டார். அதிலிருந்து தோன்றிய கோல் பரிசு 1928 முதல் வழங்கப்பட்டு வருகிறது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் செயலாளர்களும் அவ்வகை மனிதரை நன்கு அறிவர்.

இறுதியாக ஒன்று. இங்கு நிகழ்ந்ததும் உரையே. அதனை நம்ப வேண்டிய கடமை எவர்க்கும் இல்லை. இரண்டு காரணிகளின் கடைசி மூன்று இலக்கங்களான 721ஐயும் 287ஐயும் பெருக்கினால் 206,927 வரும். பேரெண்ணின் இறுதியிலும் 927 நிற்கிறது. இரு காரணிகளின் இலக்கங்களையும் தனித்தனியே கூட்டி ஓரிலக்கமாக்கினால் ஒன்றும் ஒன்றும் கிடைக்கும். பேரெண்ணின் இலக்கங்களும் கூடி ஒன்றாகவே முடியும். இவை நல்ல அடையாளங்கள். ஆனால் முழுச் சான்றாகா. முழுச் சான்று வேண்டுவோர்க்கு ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் ஏறத்தாழ அரைமணிப் பொழுதும் போதும். பெருக்கிப் பார்த்து முடித்தபின் மெர்செனும் லூக்காவும் கோலும் பெல்லும் மறைந்துவிடுவர், இவ்வுரையும் மறைந்துவிடும். கணக்கு மட்டும் நிற்கும்.

வட்டம் பல்லாண்டு வளர்க.